மஞ்சளில் முக்கிய துணி

போன மாதம் மைசூர் தேவராஜ மொஹல்லாவில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். டி.வி.யில் ஏதோ வெளிநாட்டுத் தெருவில் தலைப்பாகைக்காரர்கள் கொடி பிடித்துத் தனி நாடு கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்றவருக்கு நம் வயது இருக்கும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இவங்களை மிலிட்டரில வெச்சிருக்கறதே தப்பும்மா. எந்தப் பக்கம் சுடுவாங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். பதில் இல்லாமல் இல்லை. அதைச் சொல்லி முடிக்க ஒரு டீ போதாது.

பொற்கோயிலுக்குள் பட்டாளம் நுழைந்த வருஷம் என்னைப் போலவே உங்களில் பலருக்கும் பத்து, பதினொரு வயது இருந்திருக்கும். அந்த ஜூன் மாதம் உங்களுக்கு எதற்காக நினைவிருக்கிறதோ தெரியாது. எனக்கு ஒரு துணிக்காக.

அப்போது நாங்கள் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். ஆறு வீடு, ஒரு முற்றம், ஒரு கிணறு. கிணற்றை ஒட்டி ஒரு எலுமிச்சை மரம். அப்பாவுக்குச் சொந்த ஊர் ராமாபுரம். பிழைக்க மைசூருக்கு வந்த தமிழ்க் குடும்பம் நாங்கள். பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்து, நாயக் என்ற பட்டத்தோடு வெளியே வந்தவர். ஒரு கல்லூரியில் வாட்ச்மேன் வேலை. கிளம்பும்போது காக்கிச் சட்டையில் மெடல் ரிப்பனைக் குத்திக்கொண்டுதான் போவார். அம்மா துணி துவைத்தாள். கல்லூரிப் பையன்களின் பரேடு உடுப்புகளுக்குக் கஞ்சி போட்டு, பெட்டி போட்டுக் கொடுப்பாள். எங்கள் வீட்டில் எந்நேரமும் புளித்த கஞ்சி வாசம்தான். இப்போதும் எங்கேயாவது அந்த வாசம் வந்தால் என் கை தானாக நீளும், ஒரு துணியின் முனையைப் பிடிக்க.

கடைசி வீட்டில் சர்தார் இருந்தார். பட்டாளத்தில் ஹவில்தார். கல்லூரிப் பையன்களுக்குப் பரேடு சொல்லிக்கொடுக்க மைசூருக்கு மாற்றி அனுப்பியிருந்தார்கள். குடும்பம் அமிர்தசரஸ் பக்கத்துக் கிராமத்தில். ஒரு தம்பி இருந்தான், அவனும் சிப்பாய், வடக்கே ஏதோ முகாமில். சர்தாருக்கு இன்னும் எட்டு மாதம் போனால் பதினைந்து வருஷம் முடியும். முடிந்தால் பென்ஷனோடு ஊருக்குப் போகலாம். ஊரில் கிணற்றுக்கு மோட்டார் போடப்போவதாக யாரைப் பார்த்தாலும் சொல்வார். எத்தனை குதிரைச் சக்தி என்பதுதான் வாரத்துக்கு வாரம் ஏறும்.

தலைப்பாகைத் துணி ஐந்து மீட்டருக்கு மேல் இருக்கும். கட்டுவதற்கு முன்னால் அதை நீளவாக்கில் மடிக்க வேண்டும். ஒரு ஆள் ஒரு முனையைப் பிடித்து நிற்க, இன்னொரு ஆள் மறுமுனையை இழுத்து, உதறி, மடிக்க வேண்டும். தினம் காலையில் முற்றத்தில் நான்தான் ஒரு முனை. "பக்கட், பேட்டி!" என்பார், பிடி மகளே என்று. விறைப்பாக இழுப்பார். நானும் பின்னால் சாய்ந்து இழுப்பேன். கஞ்சி போட்ட துணி படக்கென்று ஒரு சத்தம் போடும். பிறகு ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு சுற்ற ஆரம்பிப்பார். பல்லில் துணி இருக்கிற நேரம் பார்த்துத்தான் அப்பா வம்புக்குப் போவார்.

"என்ன சர்தார்ஜி, நேத்து நீங்க சுட்ட ரொட்டி ஒண்ணு கிணத்தோரம் கெடந்துச்சு. அம்மிணி அதுமேல நின்னு தண்ணி சேந்திட்டிருந்தா."

அம்மிணி என்று அப்பா சொல்வது என்னை. சர்தார் பதில் சொல்ல முடியாமல் கண்ணை உருட்டுவார். கடைசிச் சுற்று முடிந்த பிறகுதான் வாய் திறக்கும். "மதராஸி! நீ இட்லி தின்னு. பல் இல்லாதவன் சாப்பாடு." இரண்டு பேரும் சிரிப்பார்கள். அப்பா அவரோடு பட்டாளத்து இந்தியில் பேசுவார். அம்மாவோடு சர்தார் பேசியது தமிழும் கன்னடமும் இந்தியும் சேர்ந்த ஒரு பாஷை. அம்மாவை பஹன்ஜி என்பார். அம்மா அவரை அண்ணா என்பாள். அப்படித்தான் இருந்தது.

ஜூன் முதல் வாரம் பள்ளிக்கூடம் திறந்தது. தூறல் பிடித்துக்கொண்டது. ரேடியோவில் பொற்கோயில், பட்டாளம், பஞ்சாபில் ஊரடங்கு என்றார்கள். சில நாள் கழித்து, சில முகாம்களில் சர்தார் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வெளியே போய்விட்டார்கள் என்றார்கள். அப்பா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். கடைசி வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று. அந்த வீட்டிலும் ஒரு ரேடியோ இருந்தது, அதே செய்தியைச் சொல்லிக்கொண்டு.

சர்தாருக்கு ஊரிலிருந்து கடிதம் நின்றுபோனது. தந்தி போகவில்லை. லீவு கேட்டார், இப்போது கிடையாது என்றார்கள். தம்பி இருந்த முகாம், ஆள் ஓடிய முகாமா இல்லையா என்று சொல்ல யாரும் இல்லை. பரேடுக்குப் போனார், வந்தார். மோட்டார் பேச்சை விட்டுவிட்டார். ஒருநாள் அவர் வீட்டு அடுப்பில் ரொட்டி கருகுகிற வாசம் வந்தது. அம்மா ஓடிப்போய்ப் பார்த்தாள். கல்லின் முன்னால் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டு ஆண் ஒருவனைப் பற்றித் தகவல் இல்லையென்றால், மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, உடன்பிறந்தவன் துணி ஒன்றை மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்துக் கொடுப்பார்கள். அவன் அதை ஒருநாள் உடுத்த வேண்டும். முக்கிய துணியை மறுபடி தண்ணீரில் அலசக் கூடாது. ஈரத்தோடு விரித்துவிட வேண்டும். அப்பா எல்லையில் இருந்த காலத்தில் என் பெரியப்பா மஞ்சள் வேட்டியோடு சந்தைக்குப் போன கதையை அம்மா அடிக்கடி சொல்வாள்.

சர்தாரிடம் ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு வெள்ளைத் தலைப்பாகை உண்டு. சலவைக்கு வந்திருந்தது. அம்மா யாரிடமும் கேட்கவில்லை. சனிக்கிழமை மஞ்சள் அரைத்துத் தொட்டியில் கரைத்தாள். காலையில் அதே தொட்டியில்தான் சலவை சோடா போட்டு உடுப்புகளை ஊறவைத்திருந்தாள். அடியில் சோடா தங்கியிருந்தது அவள் கண்ணில் படவில்லை. மஞ்சளில் சோடா பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆரத்தி கரைக்கும்போது சுண்ணாம்பு போட்டுச் சிவக்க வைக்கிறோமே, அதேதான். துணி மஞ்சளாக வரவில்லை. நல்ல காவி நிறத்தில் வந்தது.

வெயில் இருந்திருந்தால் பாதி நிறம் பறந்திருக்கும். அன்று வெயில் இல்லை. தாழ்வாரத்துக் கொடியில், நிழலிலேயே காய்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா அதை இரண்டு கையாலும் நீட்டினாள். சர்தார் வாங்கவில்லை.

"பஹன்ஜி, இது என்ன நிறம்?"

"மஞ்சள்தானுங்கண்ணா. மாரியம்மனுக்கு வேண்டிட்டு முக்குனேன். சோடா பட்டுச் செவந்து போச்சு. அலசப்படாது. இன்னிக்கு ஒருநாள் மட்டும் கட்டிக்கங்க. தம்பிகிட்டருந்து கடுதாசி வந்துரும்."

அவருக்கு எவ்வளவு புரிந்ததோ. மாரியம்மன், தம்பி, கடுதாசி, இந்த மூன்றும் கட்டாயம் புரிந்திருக்கும். சிரித்தார். "எங்க ஊர்ல இந்த நிறத்துக்கு இப்ப வேற அர்த்தம்" என்றார். தனி நாடு கேட்டவர்களும் கோயிலுக்காகக் கொதித்தவர்களும் அப்போது கட்டிய நிறம் அது. அம்மாவுக்கு அது புரியவில்லை. அப்பா மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் தடுத்திருப்பார்.

சர்தார் துணியை வாங்கி, ஒரு முனையை என் கையில் கொடுத்தார். "பக்கட், பேட்டி."

அன்று இழுக்கும்போது என் உள்ளங்கை மஞ்சளானது. சாயங்காலம் வரை போகவில்லை.

அம்மாவின் மனதுக்காகத்தான் கட்டினாரா, அந்த நிறத்தை ஒருநாள் தலையில் வைத்துக்கொள்ள அவருக்கும் ஒரு மனது இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இருந்திருந்தால்தான் என்ன? அவர் கோயில் அது. மறுநாள் ஆறு மணிக்கு உடுப்புப் போட்டுக்கொண்டு பரேடுக்குத்தான் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதே தலைப்பாகையோடு வழக்கம் போல் மார்க்கெட்டுக்குப் போய் முள்ளங்கியும் வெங்காயமும் வாங்கிக்கொண்டு வந்தார். அவருடைய ஆபீஸ் ஆள் யாரோ அதைப் பார்த்துப் போய்ச் சொல்லியிருக்கிறான். ஞாயிறு மாலை துணியை மடித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை ஒரு ஜீப் வந்து லைன் வீட்டு வாசலில் நின்றது. ஒரு ஆபீசர் இறங்கினார். பின்னால் சர்தார்.

அப்பா ராத்திரி டூட்டி முடித்து, லுங்கியோடு பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வேப்பங்குச்சியைப் போட்டுவிட்டு, லுங்கியிலேயே அட்டென்ஷனில் நின்றார். அப்பாவுக்கு அந்த வாட்ச்மேன் வேலையை வாங்கிக் கொடுத்தவர் அதே ஆபீசர்தான்.

ஆபீசர் கோபமாகப் பேசவில்லை. களைத்துப் போனவர் மாதிரி இருந்தார். இந்தியில் கேட்டார். பக்கத்து வீட்டுத் தங்கை வேண்டுதலுக்காகத் துணியை மஞ்சளில் முக்கிக் கொடுத்தாள், அதைத்தான் கட்டினேன் என்று ஹவில்தார் சொல்கிறான். உன் வீட்டைக் காட்டுகிறான். உண்மையா?

அம்மாவுக்கு விஷயம் அதற்குள் விளங்கிவிட்டது. கிணற்றடிக்குப் போய் ஒரு எலுமிச்சம்பழம் பறித்துக்கொண்டு வந்து கதவுக்குப் பின்னால் நின்றாள். சோடா பட்டுச் சிவந்த மஞ்சளில் எலுமிச்சைச் சாறு விழுந்தால் திரும்ப மஞ்சளாகிவிடும். சாயம் என்றால் மாறாது. துவைக்கிறவளுக்குத் தெரிந்த சங்கதி. துணி பெட்டியில்தான் இருந்தது. அவள் வெளியே வந்து இரண்டு சொட்டுப் பிழிந்தால் போதும்.

அப்பா திரும்பிப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார், அவள் கையிலிருந்த பழத்தைப் பார்த்தார். பிறகு நேராகத் திரும்பிக்கொண்டார்.

"இல்லை சாப். எங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சாப்."

அதை அவர் பரேடில் நம்பர் சொல்வது போலச் சொன்னார். ஆபீசர் ஒரு தடவை கூட மறுபடி கேட்கவில்லை. சர்தார் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பாவைப் பார்க்கவில்லை. கதவிடுக்கில் நின்ற என்னைப் பார்த்தார். மீசைக்குள் சிரித்தார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஜீப் போன பிறகு அம்மா கத்தவில்லை. பழத்தை அப்பாவின் முன்னால் வைத்தாள்.

"ஏனுங்க, ஒரு எலுமிச்சம்பழமுங்க. ஒரே ஒரு எலுமிச்சம்பழம்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. அவன் தம்பி ஓடியிருந்தா? நாளைக்கு நம்ம பேரும் அதே காயிதத்துல ஏறும்."

"ஓடியிருந்தாலும் அது தம்பிதானுங்களே. இவரு முள்ளங்கி வாங்கத்தான போனாரு?"

"நாமளே இந்த ஊர்ல ஒண்டிக் கெடக்கறோம். வேலை அவரு குடுத்தது. மேல இருக்கறவங்க கேட்டா அளவா பதில் சொல்லோணும். பதினேழு வருசம் நான் கத்துக்கிட்டது அதான்."

"அளவாத்தான் சொன்னீங்க" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் அவருக்குச் சோறு போட்டாள், பேச்சுப் போடவில்லை.

அப்பா என்னையும் தடுத்துவிட்டார். "அம்மிணி, இனி அந்த வீட்டுப் பக்கம் போகப்படாது." மறுநாள் காலை முற்றத்தில் யாரும் "பக்கட்" என்று சொல்லவில்லை. நான் கிணற்றடியில் நின்று கடைசி வீட்டு ஜன்னலைப் பார்த்தேன். சர்தார் துணியின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, மறுமுனையைத் தனியாக இழுத்து மடித்துக்கொண்டிருந்தார். கம்பி சாயாது. ஆள் பிடித்தால் வருகிற அந்தச் சத்தம் வரவில்லை. மூன்று வாரம் அப்படித்தான் கட்டினார். கம்பியில் கஞ்சி அப்பி ஒரு வெள்ளை வளையம் விழுந்திருந்தது.

அந்த மூன்று வாரமும் அவருக்குப் பரேடு கிடையாது. வீட்டிலேயே இரு என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் தினம் முழு உடுப்புப் போட்டு, தலைப்பாகை கட்டி, நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். லைன் வீட்டில் மற்றவர்கள் கிணற்றுக்கு வரும்போது பேச்சை நிறுத்தினார்கள். வீட்டுக்காரம்மா மட்டும் ஒருநாள் ஒரு கிண்ணம் சாரும் முத்தே என்கிற ராகிக் களி உருண்டையும் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆறு வீடும் அவளுடையது. கன்னடத்துக்காரி, விதவை, வாயாடி. "ஊட்டா மாடப்பா, சும்னே கூத்கொண்ட்ரே ஏன் பந்து?" என்று அதட்டினாள். சும்மா உட்கார்ந்திருந்தால் என்ன வரப்போகிறது, சாப்பிடு என்று. அவர் சாப்பிட்டார்.

பிறகு ஒரு காலையில் இரண்டு சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். அவருடைய ரெஜிமெண்ட் இருக்கும் இடத்துக்கு ரயிலில் கூட்டிப்போக வேண்டும், அங்கே விசாரணை. இரண்டு பேரில் ஒருவன் பொடியன், எந்த ஊர்க்காரனோ, மீசை சரியாக முளைக்கவில்லை. சர்தார் வாசலுக்கு வந்தார், தலைமுடி கொண்டையோடு, தோளில் துணி. கம்பியிலிருந்து அவிழ்த்த கசங்கல் அதில் இருந்தது. பொடியனைப் பார்த்து ஏதோ சொன்னார். அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். தன் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து வைத்தான். வந்து துணியின் ஒரு முனையைப் பிடித்தான்.

துப்பாக்கி சர்தாருக்கு மூன்றடி தூரத்தில் இருந்தது. அவருடைய காவலாளி அதற்குப் பன்னிரண்டடி தள்ளி, இரண்டு கையிலும் துணியோடு நின்றான். படக்கென்று சத்தம் வந்தது. சர்தார் மடித்தார், பல்லில் கடித்தார், நிதானமாகச் சுற்றினார், கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். பிறகு அவரே துப்பாக்கியை எடுத்துப் பொடியனிடம் கொடுத்து, தோளில் அதை வைத்திருந்த விதம் சரியில்லை என்று பட்டையைச் சரிசெய்துவிட்டார். பரேடு வாத்தியார் அல்லவா.

அப்பா எங்கள் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். கை அவர் நெற்றியை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றது. சல்யூட்டுக்கா, முகத்தைத் துடைக்கவா, தெரியவில்லை.

சர்தார் பிறகு என்ன ஆனார் என்று எங்களுக்குத் தகவல் இல்லை. பென்ஷன் வந்ததா, தம்பி கிடைத்தானா, மோட்டார் போட்டாரா. அந்த அக்டோபர் கடைசியில் டெல்லியில் பிரதமரை அவருடைய சர்தார் காவலர்களே சுட்டுவிட்டார்கள், பிறகு அங்கே கும்பல் சர்தார்களைத் தெருத் தெருவாக எரித்தது என்று ரேடியோ வழியாகவும் வாய் வழியாகவும் வந்தபோது, அம்மா ரேடியோவைத் துணி போட்டு மூடிவிட்டாள். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். பிறகு திருப்பூர், ஹூப்ளி, புனே என்று வேலை எங்கே கிடைத்ததோ அங்கே போனேன். லூதியானாவில் ஸ்வெட்டர் கம்பெனியில் பெட்டி கட்டும் வேலையில் ஒரு குளிர்காலம் இருந்தேன். "மைசூரில் இருந்த ஹவில்தார்" என்று அங்கே விசாரித்தபோது சிரித்தார்கள். ஹவில்தார் இல்லாத வீடு அந்தப் பக்கம் இல்லை. கை முழுக்கப் பனி வெடிப்போடு திரும்பி வந்தேன். அவ்வளவுதான்.

இனி சொல்ல வேண்டியது நான் ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தியது. சர்தார் போய் ஏழு வருஷம் கழித்து, காவிரித் தண்ணீர்ச் சண்டை வந்ததே, அப்போது. எனக்குப் பதினேழு. பஸ் ஓடவில்லை, மார்க்கெட் மூடியிருந்தது. மதியம் பத்துப் பதினைந்து பேர் லைன் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். எங்கள் கதவைத் தட்டினார்கள். அப்பா மெடல் ரிப்பனைக் குத்திக்கொண்டு, பட்டாளத்து டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கன்னடத்தில் நன்றாகப் பேசுவார். அன்று புத்தகத்தை மட்டும் நீட்டினார். முன்னால் நின்றவன் புத்தகத்தைத் திறந்து பார்க்கவே இல்லை. "அது கெடக்கட்டும். நீ யார் பக்கம்? உன்னைத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா இங்க?" என்று கன்னடத்தில் கேட்டான்.

அப்பா திரும்பி முற்றத்தைப் பார்த்தார். மற்ற ஐந்து வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. அந்த நேரம் அவர் முகம் எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

ஒரு கதவு திறந்தது. வீட்டுக்காரம்மா ஈரக் கையோடு வந்தாள். "அவரு நம்மவரு கணோ!" என்று கத்தினாள். இவர் நம்ம ஆள்தான்டா என்று. "இருபது வருஷமா என் வீட்டில இருக்காரு. என்னை மீறி உள்ள போயிருவீங்களா? போங்க, போங்க!" அவளுக்கும் பயம் இருந்திருக்கும். கூட்டம் முனகிக்கொண்டே அடுத்த தெருவுக்குப் போனது. அங்கே என்ன நடந்தது என்பது வேறு விஷயம்.

அப்பா உள்ளே வந்து உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். சொம்பைக் கீழே வைத்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

"அந்தத் துணி இருக்குதா?"

எந்தத் துணி என்று அம்மா கேட்கவில்லை. டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தாள். இருட்டில் இருந்ததால் நிறம் முழுக்கப் போகவில்லை. செங்கல் பொடி போல மங்கியிருந்தது. அப்பா எழுந்து கிணற்றடிக்குப் போய் ஒரு பழம் பறித்துவந்தார். அரிவாள்மனையில் இரண்டாக அறுத்தார். என்னைக் கூப்பிட்டார். "பிடி அம்மிணி."

நான் ஒரு முனையைப் பிடித்தேன். அவர் மறுமுனையை மடியில் போட்டுக்கொண்டு, நடுவில் பிழிந்தார். சாறு விழுந்த இடம் முதலில் கறுத்தது. பிறகு ஓரத்திலிருந்து மெல்ல மஞ்சள் பரவியது. ஒரு கை அகலத்துக்கு, பளிச்சென்று, கோயில் துணி மாதிரி.

அப்பா அதைப் பார்த்துக்கொண்டே எழுந்து நின்றார். லுங்கியில்தான் இருந்தார். குதிகால் இரண்டையும் சேர்த்துக்கொண்டார்.

"மஞ்சள்தான், சாப்" என்றார்.